மூன்று பாதைகளுக்கு ஒரே சைக்கிள்: டொராண்டோவில் தேர்வு செய்யும் முறை

டொராண்டோவில் அன்றாட வேலைப் பயணம், பள்ளத்தாக்குகளின் காட்டுப்பாதை, பல நாள் நெடும்பயணம் ஆகிய மூன்றுக்கும் ஒரே சைக்கிளை வாங்க விரும்புவோர், கடையில் சொல்லப்படும் வகைப்பெயரைவிட ஃபிரேம் எனப்படும் சட்டகத்தையே முதலில் ஆராய வேண்டும். டயரையும் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு அகலமான டயர் சட்டகத்துக்குள் சுழலும், கேரியரையும் மட்கார்டையும் பூட்டத் திருகுத் துளைகள் உண்டா என்பவை சட்டகத்தோடு பிறந்தவை, பின்னாளில் திருத்த இயலாதவை.

வேலைப் பயணத்தைப் பொறுத்தவரை, நகரின் பொதுப் போக்குவரத்து அமைப்பான டி.டி.சி.யின் சுரங்க ரயிலில் வார நாட்களில் காலை 6.30 முதல் 10 மணி வரையும் மாலை 3.30 முதல் 7 மணி வரையும் சைக்கிளை ஏற்ற அனுமதியில்லை என்பதால், ஸ்கார்பரோவிலிருந்து நகர மையத்துக்குச் செல்பவர் பெரும்பாலும் முழுத் தூரத்தையும் மிதித்தே கடக்க நேரும். ஆகவே தார்ச்சாலையில் தடையின்றி உருளும் தன்மை இன்றியமையாதது. அதே வேளையில், குவீன், கிங் போன்ற வீதிகளில் பதிந்துள்ள டிராம் தண்டவாளத்தின் பள்ளம் மெலிந்த டயரை எளிதில் கவ்விச் சவாரி செய்பவரை வீழ்த்திவிடும். அகன்ற டயர் இந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. எந்த டயராயினும் தண்டவாளத்தைச் செங்கோணத்தில் கடப்பதே பாதுகாப்பு. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு செயினையும் திருகுகளையும் அரிப்பதால், முழு நீள மட்கார்டும், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் ஆடம்பரம் அல்ல.

காட்டுப்பாதையின் கதை வேறு. டான் பள்ளத்தாக்கில் குரோதர்ஸ் வுட்ஸ் என்னும் காட்டில் வேர்களும் செங்குத்தான ஏற்றங்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகள் உள்ளன. அங்கே ஹார்ட்டெயில், அதாவது முன்சக்கரத்தில் மட்டும் அதிர்வுதாங்கி உடைய மலைச் சைக்கிள், இங்கு பேசப்படும் ஏனைய வகைகளை விஞ்சும். ஆயினும் அந்த அதிர்வுதாங்கி தார்ச்சாலையில் வீண் சுமையாகும். அதன்மேல் முன்பைகளைப் பூட்டுவதும் கடினம். வாரந்தோறும் அக்காட்டுக்குள் இறங்குபவரைத் தவிர மற்றவர் இதைத் தெரிவு செய்யத் தேவையில்லை.

நெடும்பயணத்துக்கு 1995இல் ஒன்டாரியோ ஏரிக்கரையில் திறக்கப்பட்டு இன்று 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ள பேரேரிகள் நீர்முனைப் பாதை வீட்டுவாசலிலேயே இருக்கிறது. அது தாரும் சரளையும் கலந்தது. இதற்கென்றே அமைந்த டூரிங் சைக்கிளில், மிதிகட்டையின் அச்சுக்கும் பின்சக்கரத்தின் அச்சுக்கும் இடையிலான தூரம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கும். இதனால் பின்புறப் பைகளில் குதிகால் இடிக்காது, சுமையேற்றிய வண்டியும் நிலைகுலையாது. சர்லி டிஸ்க் டிரக்கர் இந்த மரபில் வந்த எஃகு வண்டி. முன்பல்சக்கரத்தில் 30 பற்களும் பின்புறம் 34 பற்களும் கொண்ட கியர் இருந்தால், ஒரு முழு மிதிப்பில் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே உருளும். முழுச் சுமையோடு ஏற்றத்தில் ஏற அத்தகைய தாழ்ந்த கியர் கட்டாயம் வேண்டும்.

தட்டையான ஹேண்டில்பாருடன் நிமிர்ந்து அமரும் ஹைப்ரிட் நகருக்கு நன்று, விலையும் குறைவு. ஆனால் அவற்றுள் பலவற்றின் முன்கவையில் கேரியருக்குத் துளை இருக்காது. வளைந்த ஹேண்டில்பாரும் அகன்ற டயரும் உடைய கிராவல் சைக்கிளே மூன்று தேவைகளுக்கும் மிக அருகில் வருகிறது. அதிலும் பந்தயத்துக்கென இலகுவாக்கப்பட்ட கார்பன் மாதிரிகளை ஒதுக்கி, முன்னும் பின்னும் கேரியர் பூட்டத்தக்க எஃகு அல்லது அலுமினியச் சட்டகத்தையே நாட வேண்டும். இரண்டு சோடி டயர் வைத்திருப்பவர், வார நாட்களில் 38 மில்லிமீட்டர் வழுவழுப்பான டயரையும், காட்டுக்கும் சரளைக்கும் 45 மில்லிமீட்டர் முடிச்சு டயரையும் மாற்றிக்கொள்ளலாம். குரோதர்ஸ் வுட்ஸில் இவ்வண்டி ஹார்ட்டெயிலைவிட மெதுவாகவே செல்லும்; இந்த இழப்பை ஏற்பதே ஒரே வண்டியின் விலை.

விளம்பரங்களில் குறிக்கப்படும் அதிகபட்ச டயர் அகலம் பெரும்பாலும் மட்கார்ட் இல்லாத நிலைக்கு உரியது. மட்கார்டைப் பூட்டியதும் அந்த இடைவெளி குறைந்துவிடும். எனவே மட்கார்டோடு எத்தனை மில்லிமீட்டர் டயர் சுழலும் என்பதைக் கடையில் கேட்டறிய வேண்டும்; விடை 40க்குக் குறைவானால் அந்தச் சைக்கிள் டொராண்டோவின் மூன்று பாதைகளுக்கும் போதாது.