தூண்டில் எடுக்கும் பிள்ளைகளுக்கு

மக்களே, நம் குமரி மாவட்டத்தில் மணக்குடிப் பாலத்தடியிலும் பழையாற்றங்கரையிலும் முட்டம் பாறைகளிலும் இப்போது ரீலும் கையுமாக நிற்கும் இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. எங்கள் காலத்தில் மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுக் காம்பில் ஒரு மிதப்பு, சிரட்டையில் மண்புழு, அவ்வளவுதான். உங்களுக்கு கார்பன் ராடு, பிரெய்டு நரம்பு, ரப்பர் தவளை, மொபைலில் கடல் நிலவரம், தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கும் சோனார் எல்லாம் வந்துவிட்டன. இவற்றில் எதைக் கையில் எடுக்கலாம், எதைக் கீழே வைக்கலாம் என்று மூத்தவன் ஒருவன் சொன்னால் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

1. தொடக்கத்துக்கு ஒரு செட் போதும். ஏழடி மீடியம் ஹெவி ஸ்பின்னிங் ராடு, 3000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்டு. குளத்து விராலுக்கும் ஆற்றுமுகப் பொழியில் வரும் கொடுவாவுக்கும் இதுவே தாங்கும். கொடுவாவுக்குப் போகும்போது நுனியில் இரண்டு முழம் 40 பவுண்டு லீடர் கட்டிக்கொள்ளுங்கள். அதன் செவுள் மூடியின் விளிம்பு நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். டிராக்கை நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு வைத்தால் மீன் இழுக்கும்போது ரீல் விட்டுக்கொடுக்கும், நரம்பு பிழைக்கும்.

2. வீசும் முன் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆகவேண்டிய மீன். ஆம்பல் இலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ‘ளொப்’, பிறகு இரண்டு மூன்று குமிழி. அதே மீன் கொஞ்ச நேரம் கழித்து ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடியும் வரும். அந்த இரண்டு இடத்தையும் மனத்தில் குறித்தால் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். தவளையை மீன் மேல் போடாதீர்கள். நாலு முழம் தள்ளிப் போட்டு, இலை மேல் ஏற்றி, தண்ணீரில் இறக்கி, நிறுத்தி, மறுபடி இழுங்கள். ரப்பர் தவளையின் முள் இரண்டும் மேல்நோக்கி உடம்போடு ஒட்டி இருப்பதால் பாசியில் சிக்காது. அதே காரணத்தால் மீன் அடித்த நொடியிலேயே வெட்டி இழுத்தால் முள் வாயில் ஏறாது. சத்தத்துக்கு இழுக்காதீர்கள். பாரம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

3. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். மழை பெய்து குளம் நிறையும் மாதங்களில் நீர்ப்பரப்பில் ஒரு பாய் அகலத்துக்குச் செம்மஞ்சளாக ஒரு கலக்கம் நகரும். கிட்டப் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து காற்றுக் குடித்து, ஒன்றாகவே அடங்கும். அதற்கு ஒரு முழம் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். அந்தக் கூட்டத்தின் குறுக்கே எதை வீசினாலும் அடிக்கும். பசியால் அல்ல, பிள்ளையைக் காக்க. ஆகவே இந்த மீனைப் பிடிப்பதில் எந்தத் திறமையும் இல்லை. பெற்றவை போன பிறகு ஜிலேபியும் நீர்க்காகமும் மற்ற மீன்களும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்க்கும். ஒரு மீனைத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு தலைமுறையைத் தூக்குகிறோம். இது தெரிந்தே, குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போய் வீசுவதைக் காணொளியில் வித்தையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைக் கற்காதீர்கள்.

4. பெரிய கொடுவா எல்லாம் பெரும்பாலும் தாய்மீன். அமெரிக்காக்காரன் ‘பாஸ்’ என்று பித்துப்பிடித்து அலைவது லார்ஜ்மவுத் என்ற நன்னீர் மீனுக்காக. நமக்குக் கடல் கொடுத்த பாஸ் கொடுவாதான். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்று கொண்டாடுவதும் இதையே. இந்த மீன் பெரும்பாலும் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் ஆணாகவே முட்டைக்குப் பால் ஊற்றிவிட்டு, 80 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் என்று வளரும்போது பெண்ணாக மாறும். முட்டையிடுவது உப்புத் தண்ணீரில், ஆற்றுமுகங்களை ஒட்டி. குஞ்சுகள் ஏற்றத்தோடு உள்ளே வந்து காயலிலும் ஆற்றிலும் வளரும். மணக்குடியிலும் தேங்காப்பட்டணத்திலும் மழைத் தண்ணீர் இறங்கிப் பொழி அகலும் நாட்களில் இந்தப் போக்குவரத்து நடக்கிறது. நீங்கள் ராடோடு போய் நிற்பதும் அதே நாட்களில், அதே வாசலில். பெரியதை எல்லாம் தூக்கிவிட்டால் மிஞ்சுவது ஆண்கள் மட்டும். குவின்ஸ்லாந்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள்: 58 சென்டிமீட்டருக்குக் கீழும் எடுக்கக் கூடாது, 120-க்கு மேலும் எடுக்கக் கூடாது. நான் சொல்லும் அளவு இன்னும் இறுக்கமானது. 60-க்குக் கீழே விட்டுவிடுங்கள், 80-க்கு மேலேயும் விட்டுவிடுங்கள். நடுவில் வருவதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வையுங்கள். மேலும் வேண்டுமென்றால் வளர்ப்புக் கொடுவா விற்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வைத்தது. மீன்பிடியில் வந்த அறிவியலில் நான் முதலில் கும்பிடுவது இதைத்தான்.

5. சோனார் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு காசைப் போடுங்கள். ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது; தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். ஒலி கூம்பாக விரிவதால் ஆழம் இருந்தால்தான் பார்வை அகலமாகும். 15 டிகிரி கூம்பு ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட வட்டத்தைத்தான் பார்க்கும். நம் குளமும் காயலும் பெரும்பாலும் ஆழமில்லாதவை. பந்துபோல வீசி மொபைலில் பார்க்கும் அந்தக் கருவி இங்கே பெரிதாக எதையும் சொல்லாது. கரையோரம் நடந்து, மதகு எங்கே, பழைய வாய்க்கால் எங்கே சேர்கிறது, தண்ணீர் எங்கே நிறம் மாறுகிறது என்று பார்த்தால் அதைவிட அதிகம் தெரியும்.

ஆழமான ஏரிகளில் கதை வேறு. 1957-இல் தொடங்கிய லோரன்ஸ் நிறுவனம் விளையாட்டுக்கு மீன்பிடிப்பவர்களின் படகில் சோனாரைக் கொண்டுவந்து வைத்தது. 2018-இல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப், படகுக்கு முன்னால் நிற்கும் மீனையும் நீங்கள் வீசிய போலி இரையையும் அந்த நொடியிலேயே திரையில் காட்டுகிறது. மீன் திரும்பிப் பார்ப்பதும் பின்தொடர்வதும் மனம் மாறி விலகுவதும் தெரிகிறது. அமெரிக்கப் போட்டிகளில் இதைப் பெரிய சண்டையாகப் பேசுகிறார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் தன் பாஸ் புரோ டூரில் 2025-இலிருந்து, ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. இந்தக் கருவி பரவலாக இருக்கும் நாட்டிலேயே இப்படி எல்லை போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மீன் ஒளிந்துகொள்ள இடம் இருந்தவரை நம் பேராசைக்கு அதுவே அணை. அந்த இடம் போன பிறகு அணையை நாம்தான் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1932 ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள லார்ஜ்மவுத்தைப் பிடித்து உலக சாதனை படைத்தார். அதன் பிறகு எத்தனை கருவிகள் வந்தன! 77 ஆண்டு கழித்து, 2009 ஜூலை 2-ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதலான மீனைப் பிடித்தார். இரண்டு அவுன்ஸாவது மிஞ்சினால்தான் புதிய சாதனை என்பது விதி. ஆகவே இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். குரிட்டா முள்ளில் கோர்த்திருந்தது உயிருள்ள சிறு மீன்.

6. கேட்டுவிட்டு இறங்குங்கள். குளங்கள் பலவற்றில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். அது ஒருவரின் பிழைப்பு. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சர் இடங்களாக அறிவிக்கப்பட்ட பறவைகளின் வீடு, அங்கே தொலைநோக்குக் கண்ணாடி மட்டும் கொண்டு போங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கம் காட்டில் பெரும்பகுதி சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம்.

7. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடக்கும்போது தலைக்கு மேலே கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு ராடை நிமிர்த்துங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு வெளியேறுங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

8. பாறைக்குப் போகும் முன் மொபைலைப் பாருங்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலியில் காற்றும் அலையும் தமிழிலேயே கிடைக்கும். கள்ளக்கடல் நம் கடலில் பிறப்பதில்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை அது. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, வானம் தெளிவாகவே இருக்கும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்த நாள் அது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோதோ, ஆழ்கடலில் இருந்த நம் ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. சேதி எட்டாமல் போனவர்களின் மாவட்டம் இது. கைக்கு வந்த சேதியைப் பார்க்காமல் பாறையில் இறங்குவதை என்னால் மன்னிக்க முடியாது. உயிர்காப்பு மேல்சட்டை போடுங்கள். நனைந்திருக்கும் பாறையில் நிற்காதீர்கள். அது நனைந்ததற்குக் காரணம் அலை.

9. முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இருந்தால் மீன் தப்பாது. விடும்போது முள் நொடியில் கழன்றுவிடும், உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே வரும். உயிர் இரை போடுகிறவர்கள் சர்க்கிள் ஹூக் வாங்குங்கள். அது குடலில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். விடப்போகும் மீனைச் சூடான பாறையில் கிடத்தாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை தாடையிலும் ஒரு கை வயிற்றடியிலுமாகப் பிடியுங்கள். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் பெரிய மீனுக்கு உள்ளே காயமாகும். படம் எடுக்கும் வரை நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது அதற்கும் முட்டும்.

10. எல்லா மீனையும் விடுவது நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்ததைக் கொல்லாதே என்ற வழக்கத்தை அமெரிக்காவில் ரே ஸ்காட் 1972-இல் போட்டிகளில் கொண்டுவந்தார். பாஸ் அவர்கள் ஊர் மீன். ஜப்பானில் பாஸ் வந்தேறி. அதனால் பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதை ஷிகா மாகாணம் 2003-இல் தடைசெய்தது. நமக்கும் இதே கணக்குதான். விராலும் கொடுவாவும் கரிமீனும் நம்முடையவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000-த்திலேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதுவோ, கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பிவந்த சக்கர் மீனோ தூண்டிலில் வந்தால் தண்ணீருக்குத் திரும்பப் போகக் கூடாது.

11. படம் போடுங்கள், இடம் போடாதீர்கள். சின்னக் குளம் ஒன்றின் பேர் காணொளியில் வந்தால் அடுத்த வாரமே கரை நிறைய ஆள். பின்னணியில் கோயில் கோபுரமோ பாலமோ தெரிந்தால் அதுவே முகவரி.

12. அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரெய்டு மக்காது. மணக்குடிக் கண்டலில் ஒரு நீர்க்காகத்தின் காலில் பச்சை பிரெய்டு எலும்புவரை இறங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மறுமுனை ஒரு வேரில் சுற்றியிருந்தது.

13. கடல்காரர்களுக்கு வழிவிடுங்கள். கரமடி வலை இழுக்கும் இடத்தில் வீச்சை நிறுத்திவிட்டு ஒதுங்குங்கள். ஒரு கை பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். நம் மாவட்டத்துக்கு மட்டும் விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடல் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் படகுகள் கரையில் இருக்கும், ஆட்களும் ஓய்வாகப் பேசுவார்கள். போய் உட்காருங்கள். கடலுக்கடியில் இருக்கும் பார் என்ற பாறைத்திட்டை, கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் ஒரு கோட்டில் வைத்து, அதேபோல இன்னொரு பக்கமும் ஒரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். இன்று ஜி.பி.எஸ்.ஸும் வைத்திருக்கிறார்கள். நீவாடு என்னும் கடலோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை இன்றும் நரம்பைப் பிடித்தே சொல்கிறார்கள். தூத்தூர்க்காரர்களிடம் போனால் தூண்டிலை வைத்தே சுறாவைத் தேடி ஆழ்கடல் போன கதைகள் கிடைக்கும்.

14. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, காற்று எந்தப் பக்கம், தண்ணீரின் நிறம், என்ன போட்டீர்கள், என்ன அடித்தது, எத்தனை சென்டிமீட்டர், எடுத்தீர்களா விட்டீர்களா. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். அந்தப் பக்கங்கள்தான் பின்னால் அதிகம் பேசும். பொழி எந்தத் தேதியில் முறிந்தது, எந்தத் தேதியில் மணல் மூடியது என்று தவறாமல் குறியுங்கள். ஒரு வருஷம் ஆனதும் நோட்டோடு வீட்டுக்கு வாருங்கள். என்னுடையதையும் எடுத்து வைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் விரித்து, மணக்குடியில் அடுத்து வரும் ஐப்பசிக்கு எங்கே நிற்கலாம் என்று பார்ப்போம்.