காரின் மூளை கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது?



காரை ஓட்டுவது டிரைவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் பிளக்கில் பொறி விட வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியூ என்ற கம்ப்யூட்டர் பெட்டி. நம்ம டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று பல சென்சார்கள் அதற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும் என்று எங்க தாத்தா சொல்வார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு கடுமையான பிறகுதான் பெட்ரோல் கார்களில் இந்தப் பெட்டி பரவலாக வந்தது.

இதை எல்லாம் நான் ஏன் படிச்சேன்னா, எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். 2025-இல் ஒரு பழைய கார் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினார். "டாக்டர் ஓட்டின வண்டி" என்றார் விற்றவர். (எல்லாப் பழைய காரையும் டாக்டர்தான் ஓட்டியிருப்பார் போல!) ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து பிரசவத்துக்கு ஒரு அக்காவை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு வரும்போது, பரமனந்தல் வருவதற்கு முன் மலை வளைவிலேயே வண்டி நின்னுபோச்சு. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நல்லவேளை, பின்னால் வந்த ஜீப்பில் அவர்களை ஏற்றி அனுப்பினார். முக்கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஸ்டார்ட் ஆகிறது!

முதலில் பார்த்த மெக்கானிக் கிராங்க் சென்சாரை மாற்றினார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. சூடானால் நின்று, ஆறினால் ஓடுவது அந்த சென்சார் கெட்டாலும் வருகிற அறிகுறிதான். அடுத்து பெட்ரோல் பம்ப். இரண்டுக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் போனது. வண்டி மறுபடியும் நின்றது. அதன் பிறகு அப்பா மலைச் சவாரி எடுப்பதையே விட்டுவிட்டார். எங்களுக்கு அதில்தான் வருமானம்.

பிறகு ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் போனோம். அப்பா போனதும் போகாததுமாக, "கம்ப்யூட்டர்தான் போயிடுச்சாண்ணே?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "அது அவ்வளவு சீக்கிரம் போகாதுங்க. அதுக்கு சோறு ஒழுங்கா போகுதான்னு மொதல்ல பார்ப்போம்" என்றார். சோறு என்றால் கரண்ட். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட் செய்யும்போது பத்துக்குக் கீழே இறங்கவில்லை. பியூஸ், மெயின் ரிலே இரண்டும் சரி. அடுத்து எர்த் வயர். இங்கேதான் நம்ம இயற்பியல் பாடம் வருகிறது. எர்த் வயர் முனையில் துரு ஏறி 0.05 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓடினால் ஓம் விதிப்படி அரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். சென்சார்களை 5 வோல்ட் கணக்கில் படிக்கிற பெட்டிக்கு அது பெரிய குழப்பம். கம்ப்யூட்டர் போச்சு என்று வருகிற வண்டிகளில் பாதிக் கதை எர்த் வயரிலேயே முடிந்துவிடும் என்றார். எங்கள் வண்டியில் அதுவும் சரியாகவே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வண்டியை நன்றாகச் சூடாக்கினார். நின்றது. சாவியை ஆன் செய்து, "மீட்டர்ல மஞ்சள் எஞ்சின் லைட் எரியுதா பாரு தம்பி" என்றார். எரியவில்லை! சாவி போட்டதும் அந்த லைட் எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். நாம் எல்லாரும் லைட் எரிந்தால்தான் பயப்படுகிறோம். சாவி போட்டும் எரியாமல் இருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். பல்பு போயிருக்கலாம், பெட்டிக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், இல்லை என்றால் பெட்டியே தூங்குகிறது என்று அர்த்தம். எங்கள் பல்பு காலையில் எரிந்தது. அதே நேரத்தில் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி கேட்க வேண்டிய பம்ப் சத்தமும் இல்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினார். "தொடர்பு இல்லை" என்று வந்தது. கொஞ்சம் ஆறியதும் தொடர்பு கிடைத்தது. அப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சென்சார் கோளாறுகளோடு பி0606 என்ற எண்ணும் வந்தது. இந்த எண் பெட்டியின் பிராசசரே தன்மேல் எழுதிக்கொள்ளும் புகார். ஒரே நேரத்தில் இத்தனை சென்சார் எப்படிக் கெடும்? கெடாது. பல சென்சார்களுக்கு 5 வோல்ட் தருவதே இந்தப் பெட்டிதான். அளந்தால் 3 வோல்ட் சொச்சம்தான் இருந்தது. உடனே அவர் முடிவு கட்டவில்லை. ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி வோல்டேஜைக் கீழே இழுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசி சென்சாரைக் கழற்றியும் 5 திரும்ப வரவில்லை.

பெட்டியைக் கழற்றினார். கனெக்டர் பின்களில் செம்புக் குடத்தில் பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. தரை விரிப்பைத் தூக்கினால் காய்ந்த வண்டல் மண்! வெள்ளத்தில் நின்ற வண்டி. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வண்டி எந்த ஊர்த் தண்ணீரில் நின்றதோ! தண்ணீர் வடிந்தாலும் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிவிடும். தகட்டில் இருக்கிற முடி போன்ற செம்புக் கோடுகளை மாதக்கணக்கில் அரிக்கும். அரித்த இடம் சூட்டில் விரிந்தால் தொடர்பு விடும், ஆறினால் சேரும். அதனால்தான் வண்டி நின்று நின்று ஓடியது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய இரும்புக் கடையில் இதே பெட்டி மலிவாகக் கிடைக்குமே என்று நான் கேட்டேன். சாவியில் இருக்கும் ரகசிய எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அது திருடனுக்காக வைத்த பூட்டு என்றார். புதுப் பெட்டிக்கும் சாவி எண் பதியவும் சேர்த்து 28,000 ரூபாய். அம்மா எடுத்த சீட்டுப் பணம் அதில் போனது. காரில் வெல்டிங் வைத்தால் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள், எஞ்சினுக்குள் பீய்ச்சித் தண்ணீர் அடிக்க விடாதீர்கள் என்று அண்ணன் அனுப்பும்போது சொன்னார்.

இப்போது அப்பா மறுபடி மலைச் சவாரி போகிறார். பழைய பெட்டியை இயற்பியல் சாரிடம் கொடுத்திருக்கிறேன். ஆய்வகத்தில் ஜன்னல் பக்க மேசையில் மூடி திறந்தபடி இருக்கிறது. அரித்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். மதிய இடைவேளையில் வந்து பாருங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும்.

- 11-ஆம் வகுப்பு மாணவன், தொழிற்கல்விப் பிரிவு