பெற்றோல் மூடி உடைந்தது; சம்பளத்தில் கழிக்கலாமா?

கேள்வி:

ஐயா, பெல்மதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக்கல் முதலாளியிடம் நான்கு வருடமாக டிரைவர். போன மாதம் அவருடைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு செட்டில் பெற்றோல் அடித்தேன். வழக்கம்போல இறங்கி, ரிமோட்டால் காரைப் பூட்டிவிட்டுக் காசு கொடுக்கப் போனேன். திரும்பி வரும்போது, பம்ப் அடித்த பொடியன் டாங்கியின் வெளி மூடியைச் சாத்த முடியாமல் உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போவதற்குள் கீல் உடைந்து மூடி தொங்கிவிட்டது. பஞ்சிகாவத்தையில் பழைய மூடி வாங்கி, பெயின்ட் அடித்துப் பொருத்த 36,000 ரூபாய் ஆனது. மாதம் 6,000 வீதம் ஆறு மாதம் சம்பளத்தில் கழிப்பேன் என்கிறார் முதலாளி. சிங்களத்தில் டைப் செய்த கடிதமொன்றில் கையெழுத்தும் கேட்கிறார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வைக்காவிட்டால் வேலை இல்லையாம். என்ன செய்வது?

பதில்:

தம்பி, மூடியைப் பிறகு பார்ப்போம். கையெழுத்து இன்னும் வைக்கவில்லைதானே? வைக்காதீர்கள்.

"வாசிக்கத் தெரியாமல் வைத்துவிட்டேன்" என்ற வாதம் எங்கள் நீதிமன்றங்களில் இலேசில் எடுபடாது. கையெழுத்து வைத்தவர் மேலே உள்ளதை ஏற்றுக்கொண்டவர் என்றுதான் தொடங்குவார்கள். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்று காட்டி அதை முறிக்கலாம்; ஆனால் காட்டுகிற பாரம் உங்கள் தலையில் ஏறும். தோட்டத்துப் பிள்ளைகள் என் மேசைக்குக் கொண்டுவருகிற தாள்கள் பல ஒரே மாதிரி: அடியில் அழகான தமிழ்க் கையெழுத்து, மேலே இருப்பது என்னவென்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. உங்கள் கடிதத்தில் பணக்கணக்கு மட்டும் இருந்தால் பரவாயில்லை. "என் கவனயீனத்தால் சேதம் ஏற்பட்டது" என்று ஒரு வரி இருந்தால், நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தும்போது அதே தாள்தான் முதலாளியின் சாட்சி. "வாசித்து விளங்கிக்கொண்டு சொல்கிறேன்" என்று பணிவாகச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சம்பளம். கல் கடையின் ஊழியராக உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். சட்டம் அனுமதிக்காத கழிவை முதலாளி தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. அவருக்கு உங்கள் கையெழுத்து ஏன் இவ்வளவு அவசரம் என்று இப்போது விளங்குமே! மீறிக் கழித்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கவுண்டரில் முகம் சுளிப்பார்கள், அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

வீட்டு டிரைவராக வைத்திருந்தால் அந்த 1954 சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. அப்போதும் பேசிய சம்பளத்தைக் கொடுப்பது முதலாளியின் கடன். நீங்கள் கவனயீனமாக இருந்தீர்கள் என்றால் அவர் அதை வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். தானே நீதிபதியாகிச் சம்பளப் பையில் கைவைக்க முடியாது. வேலையை விட்டு நிறுத்தினால், 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அந்தச் சட்டத்தில் 'வேலையாள்' என்ற சொல்லின் பொருள் மிக விரிந்தது.

சரி, மூடியை உடைத்தது யார்? உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். இப்போதைய பல கார்களில் வெளி மூடியும் கதவுகளோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு முள் உண்டு. ரிமோட்டை அழுத்தியதும் அது வெளியே நீளும். மூடி திறந்திருக்கும்போது நீங்கள் காரைப் பூட்டினால், முள் நீண்டபடி நிற்கும். பிறகு எப்படிச் சாத்தினாலும் மூடி படியாது. பொடியன் அடித்தது அந்த முள்ளின் மேல். படியாத மூடியை அடித்தது அவன் பிழை, திறந்திருக்கும்போதே பூட்டியது உங்கள் பிழை. 2022 இல் கியூஆர் காட்டப் பெற்றோல் வரிசையில் ஏறி இறங்கிய காலத்தில் எங்கள் எல்லோருக்கும் தொற்றிய பழக்கம் அது, என்னையும் சேர்த்து.

இருவர் பிழையும் கலந்தால் என்ன என்பதற்கு எங்களிடம் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவரவர் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும். ஆகவே 36,000 முழுவதும் உங்கள் தலையில் விழ நியாயமில்லை. செட்காரரும் "எனக்குத் தெரியாது, பொடியன் செய்தது" என்று நழுவ முடியாது. வேலை நேரத்தில் ஊழியர் செய்த கவனயீனத்துக்கு அவரை வைத்திருப்பவர் பதில் சொல்லவேண்டும். பெயர்ப்பலகையில் எந்தக் கம்பனி இருந்தாலும் பெரும்பாலான செட்டுகளை நடத்துபவர் ஒரு டீலர்தான். கடிதம் அவருக்குப் போகட்டும். "சேதங்களுக்குப் பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதியிருந்தாலும் அதோடு கதை முடிவதில்லை. அப்படிப்பட்ட வாசகம் நியாயமானதா என்று பார்க்க 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் உண்டு.

ஒரு சிக்கல். கார் உங்களுடையதல்ல. நட்டஈடு கேட்கும் உரிமை முதலாளிக்கு, நீங்கள் சாட்சி மட்டுமே. இதை அவரிடம் விளக்குங்கள். உங்களைப் பிழிவதைவிட டீலரிடம் கேட்பது அவருக்கும் இலாபம். இந்தத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது என்பதால் எனக்கு வருமானமில்லை, உங்களுக்குச் செலவில்லை. இணங்காவிட்டால் சபை சான்றிதழ் தரும்; வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. பொலிஸ் வேண்டாம். வேண்டுமென்றே செய்த சேதமல்ல இது, அந்தப் பொடியனை உள்ளே தள்ளி என்ன கிடைக்கப்போகிறது?

சமாதானமாக முடிக்க விரும்பினால், ஒரு பங்கை ஏற்பதாக நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்கள். "பிழையை ஒப்புக்கொள்ளாமல், இணக்கத்துக்காக" என்ற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்த முறை பெற்றோல் அடிக்கும்போது மூடியை நீங்களே திறந்து, நீங்களே சாத்துங்கள். சாத்தி முடியும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள். படியாவிட்டால் அடிக்க வேண்டாம், ஒரு தரம் பூட்டைத் திறந்தால் முள் உள்ளே போய்விடும். மூடி திறக்க மறுக்கிறது என்று யாராவது ஸ்குரூ டிரைவரோடு வந்தால் தடுங்கள். பல கார்களில் டிக்கிக்குள் ஒரு இழுகயிறு இருக்கும், காரோடு வந்த கைநூலில் இடம் போட்டிருப்பார்கள்.

சம்பள நாளுக்கு முன்பே, எடுத்த படத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் இரத்தினபுரி அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோல் பில் இருந்தால் அதில் நேரம் இருக்கும். அந்த நேரத்துக் கமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி முதலாளி பெயரில் டீலருக்குப் பதிவுத் தபால் போகவேண்டும். இன்றைக்கே கராஜுக்கு ஒரு கோல் எடுத்து, உடைந்த பழைய மூடியை வீசிவிட்டார்களா என்று கேளுங்கள்.