இரவுக் காவலுக்கும் நீர் பாய்ச்சவும் ஏற்ற உள்ளாடை

மார்கழி பிறந்துவிட்டால் கொங்குப் பகுதித் தோட்டங்களில் இரவு வேலை கூடிவிடுகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வந்தாலும் மடை திருப்பியே ஆக வேண்டும். மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளையும் காடுகளில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். பால் கறப்பவர்களும் பூப்பறிக்கும் பெண்களும் விடியும் முன்பே எழுந்தாக வேண்டும்.

இந்த நாட்களில் திருப்பூர், பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் பகல் வெப்பம் 30 டிகிரி அளவில் இருக்கும். விடியற்காலையில் அது 18 அல்லது 20 டிகிரிக்கு இறங்கும். மலையடிவாரத்தில் இன்னும் குறையும். தாளவாடி போன்ற மேட்டு நிலங்களில் குளிர் மேலும் கடுமை. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனியே விழுகிறது. ஒரே இரவில் வியர்வை, பனி, ஈரம், மறுபடி வெயில் என நான்கையும் உடம்பு தாங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஏற்ற உடை எது? குளிர் என்றதும் கடையில் உள்ளவற்றிலேயே கனமான துணியைத் தேடி வாங்குவது பலரின் வழக்கம். அது சரியான வழியல்ல. உடம்போடு ஒட்டும் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கனத்தைவிட, ஈரத்தை அது என்ன செய்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஈரமே முதல் எதிரி

காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உடம்புச் சூட்டைக் கடத்தும். ஆகவே நனைந்த துணி எவ்வளவு கனமாக இருந்தாலும் குளிரைத் தடுக்காது. உடம்பில் உள்ள சூட்டை உறிஞ்சி வெளியே விடும்.

குளிர் நாடுகளில் வேட்டைக்குச் செல்பவர்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள். மேட்டில் ஏறி நடக்கும்போது வியர்க்கிறது. பிறகு ஓரிடத்தில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அப்போது உள்ளே நனைந்த துணியே உடம்பை விறைக்கச் செய்கிறது. அதனால் வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உள்ளாடை, அதன் மேல் சூடு காக்கும் உடை, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றைத் தடுக்கும் உடை என மூன்று அடுக்காக அணிகிறார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஆனால் பயிருக்குக் காவல் போகும் விவசாயியின் நிலையும் இதுவே. மூட்டை முடிச்சோடு வரப்பில் நடந்து, வியர்த்தபடி பரண் ஏறி, விடியும்வரை அசையாமல் உட்காருகிறார். அடுக்கு முறை அவருக்கும் பொருந்தும்.

எந்த நூல் எதற்கு?

பருத்தி: தோலுக்கு இதமானது, விலை குறைவு, நெருப்புப் பட்டாலும் உருகி ஒட்டாது. காற்றில் உள்ள ஈரத்திலேயே தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் அளவுக்கு ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் நனைந்தால் உலர நேரமாகும். ஈரம் படாத வேலைக்கும், சமவெளிக் குளிருக்கும் பருத்தியே போதும்.

பாலியஸ்டர்: நூல் ஈரத்தை ஏற்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் நனைந்தாலும் விரைவில் உலரும். வேகமாக நடப்பவர்களுக்கும், வாய்க்கால் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கும் பயன்படும். வாடை தங்குவதும், நெருப்பில் உருகுவதும் இதன் குறைகள்.

பருத்தி-பாலியஸ்டர் கலப்பு: இரண்டுக்கும் நடுவே நிற்பது. காவல், நீர் பாய்ச்சல் இரண்டுக்கும் ஒரே உடைதான் வாங்க முடியும் என்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

கம்பளி: ஈரம் ஏறினாலும் ஓரளவு சூடு காக்கும் குணம் கம்பளிக்கு உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் தூறலிலும் கறுப்புக் கம்பளியைப் போர்த்தி நின்றது காரணத்தோடுதான். ஆனால் நம் பகுதிக் குறும்பை ஆட்டின் ரோமம் முரடு. அதில் செய்த கம்பளி மேலே போர்த்தத்தான் ஏற்றது. தோலில் பட்டால் அரிக்கும். மெரினோ என்னும் மென்மையான கம்பளியில் செய்த உள்ளாடை நல்லதுதான், ஆனால் விலை அதிகம். உறைபனி விழும் மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் மட்டும் அதை யோசிக்கலாம்.

பின்னலைப் பார்த்து வாங்கவும்

உடம்பை ஒட்டி அணியும் நீளக் கால்சட்டை, ஆண்களுக்குத் ‘தெர்மல்’ என்றும் பெண்களுக்கு ‘லெக்கின்ஸ்’ என்றும் கடைகளில் கிடைக்கிறது. திருப்பூரில் ரயில் நிலையத்தை அடுத்த காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியவையும் செகண்ட்ஸ் சரக்கும் மலிவாக விற்கப்படுகின்றன. சிறு விவசாயிக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் துணி தெரிந்து வாங்க வேண்டும்.

சிங்கிள் ஜெர்சி என்பது சாதாரண பனியன் பின்னல். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வேறாகவும் தெரியும். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். மெல்லியது, காற்றோட்டம் உள்ளது. இன்டர்லாக் பின்னலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். சற்றுக் கனம், உருவம் குலையாது, நீண்ட நாள் உழைக்கும். ரிப் பின்னல் குறுக்கே நன்றாக விரிந்து சுருங்கும். பிளீஸ் என்பது உட்பக்கம் பஞ்சுபோல் சுரண்டி விட்ட துணி. சூடு காக்கும், ஆனால் நடக்கும்போது வியர்க்கும். அது உட்கார்ந்திருப்பவருக்கே ஏற்றது.

துணியின் கனத்தைத் திருப்பூரில் ‘ஜிஎஸ்எம்’ என்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே இதன் பொருள். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடைபோட்டால் 2 கிராம் இருந்தால், அது 200 ஜிஎஸ்எம் துணி. கிலோ கணக்கில் துணி வாங்கித் தைத்துக்கொள்பவர்கள் கடைக்காரரிடம் இதைக் கேட்கலாம். சமவெளிக்கு 140 முதல் 180 வரையுள்ள சிங்கிள் ஜெர்சி போதும். மலையடிவாரத்தில் இரவு முழுவதும் உட்காருபவருக்கு 200 அளவில் இன்டர்லாக் நல்லது. அதற்கு மேல் குளிர் தெரிந்தால் உள்ளாடையின் கனத்தைக் கூட்டுவதைவிட, மேலே ஓர் உடையைச் சேர்ப்பதே மேல். மேல் உடையை வேண்டும்போது கழற்றலாம். வரப்பில் நின்று உள்ளாடையைக் கழற்ற முடியாது.

வாங்கும் முன் ஐந்து சோதனைகள்

1. துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவும். முத்தாக நின்றால் அது வியர்வையை இழுக்காது. உடனே பரவினால் இழுக்கும். பாலியஸ்டரிலும் வியர்வை இழுக்கும்படி பதப்படுத்தியது உண்டு. அதுவே வாங்கத் தக்கது.

2. முழங்கால் பகுதியைக் குறுக்கே இழுத்து விடவும். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தொளதொளவென்று நின்றால் சில நாட்களில் முட்டி தொங்கிவிடும்.

3. உள்பக்கத் தையலை விரலால் தடவவும். மேடு தட்டினால் தொடை உரசிப் புண்ணாகும். தட்டையான தையல் நல்லது. கவட்டையில் தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால், குந்தி உட்கார்ந்து களை எடுத்தாலும் தையல் பிரியாது.

4. இடுப்பு எலாஸ்டிக் அகலமாக இருக்கட்டும். மெல்லிய எலாஸ்டிக் இடுப்பில் வரி வரியாகப் பதிந்து அரிப்பை உண்டாக்கும்.

5. செகண்ட்ஸ் சரக்கில் குறை எங்கே என்று பார்க்கவும். சாய வேறுபாடு, எண்ணெய்க் கறை போன்றவற்றால் தோட்ட வேலைக்குக் கெடுதல் இல்லை. பின்னல் விட்ட ஓட்டை, கண் விட்ட இழை இருந்தால் வேண்டாம். அது நாளுக்கு நாள் ஓடும்.

பருத்திப் பின்னல் முதல் துவைப்பில் நீளம் சுருங்கும். கணுக்காலுக்குச் சற்று இறங்கி இருப்பதாகப் பார்த்து எடுக்கவும்.

முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, வீட்டில் சோதித்துப் பார்த்து, பிறகு மற்றதை வாங்குவது சிக்கனம். துணியிலிருந்து இரண்டு இழை உருவிக் குறட்டில் பிடித்துக் கொளுத்தவும். தையல் நூலை எடுக்க வேண்டாம். பருத்தி உடையிலும் தையல் நூல் பாலியஸ்டராக இருக்கலாம். காகிதம் எரிந்த வாடையும் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. சுருண்டு, கறுப்புப் புகை விட்டு, கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். முடி கருகிய வாடை வந்தால் கம்பளி.

காவலுக்குச் செல்லும் முறை

வீட்டிலிருந்து கிளம்பும்போது உள்ளாடையும் சட்டையும் போதும். ஸ்வெட்டர், கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பையில் எடுத்துச் செல்லவும். பரணை அடைந்ததும் வியர்வையைத் துடைத்து, உள்ளே நனைந்திருந்தால் மாற்றி, அதன் பிறகு மேலாடை அணியவும். நடக்கும்போது குறைவாக, உட்காரும்போது நிறைவாக என்பது நினைவில் நிற்கட்டும். உலர்ந்த ஒரு ஜோடியைப் பாலிதீன் பையில் கட்டி எப்போதும் உடன் வைத்திருக்கவும். கனமான ஒன்றை வாங்கும் பணத்தில் மெல்லிய இரண்டு ஜோடி வாங்குவது இதற்காகவே.

மடை திருப்புபவர் சேற்றில் இறங்கும்போது காலோடு ஒட்டிய துணி கூடாது. முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட வேண்டும், அல்லது அரைக்கால் சட்டை அணிய வேண்டும். வேலை முடிந்து கரையேறியதும் காலைத் துடைத்து, உலர்ந்த உள்ளாடை அணியலாம். மோட்டார் பெல்ட், தீவனம் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே தொங்கும் வேட்டியும் லுங்கியும் ஆபத்து. அங்கே ஒட்டிய கால்சட்டையே பாதுகாப்பு.

பூப்பறிக்கும் பெண்கள் புடவைக்குள் மெல்லிய பருத்தி லெக்கின்ஸ் அணிந்தால் பனி ஈரச் செடி காலில் உரசுவது குறையும். புடவையைச் சற்று ஏற்றிச் செருகிக்கொண்டால் அதன் ஓரம் நனைந்து காலைச் சுற்றாது. வெயில் ஏறியதும் லெக்கின்ஸைக் கழற்றிவிடவும்.

எச்சரிக்கை

குளிர் காய நெருப்பு மூட்டுபவர்கள் பாலியஸ்டர், அக்ரிலிக் உடையோடு அருகில் போகக் கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நெருப்பருகே பருத்தியே நல்லது. பருத்தியும் எரியும் என்பதால் தள்ளியே உட்காரவும்.

குளிருக்கு மது அருந்துவது பெருந்தவறு. தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடு ஏறியதுபோல் தோன்றும். உண்மையில் உடம்பின் உட்சூடு வெளியேறுகிறது. வயதானவர்கள் நனைந்து, நடுக்கம் கண்டு, பேச்சுக் குழறி, தூக்கம் சொக்கினால் உடனே ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளி போர்த்தி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஈரமான இறுக்க உடையை நாள் முழுவதும் போட்டிருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பைச் சில நாள் அடக்கும். பிறகு நோயைப் பரப்பும். மருத்துவரிடம் காட்டுவதே சரி. அந்நாட்களில் தளர்ந்த பருத்தி உடை அணிந்து, அதை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைக்கவும். ஒருவர் உடையை மற்றவர் அணிய வேண்டாம்.

பூச்சிமருந்து தெளித்த உடையோடு காவலுக்குப் போகக் கூடாது. உள்ளாடையில் ஊறிய மருந்து தோல் வழியே உடம்பில் ஏறும். தொடை இடுக்கில் வேகமாக ஏறும். உடனே கழற்றிக் குளித்து, அந்த உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே சோப்புப் போட்டுத் துவைக்கவும்.

எந்த உள்ளாடையும் பாம்புக் கடியைத் தடுக்காது. முழங்கால் உயரப் பூட்ஸும் டார்ச் விளக்கும் இல்லாமல் இரவில் வரப்பில் இறங்க வேண்டாம்.

பராமரிப்பு

லைக்ரா கலந்த துணியைக் கொதிநீரில் போடுவதும், பிளீச்சிங் பவுடர் இடுவதும் இழுவையைக் கெடுக்கும். சாதாரணத் தண்ணீரில் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தவும். முழுப் பருத்தி உடையை வெயிலிலேயே காய வைக்கலாம்.

நம் மாவட்டத்தில் தைத்த உள்ளாடை உலகின் பல நாடுகளுக்குப் போகிறது. அதைத் தைக்கும் ஊரைச் சுற்றியுள்ள விவசாயி நனைந்த லுங்கியோடு விடியும்வரை நடுங்க வேண்டியதில்லை. மெல்லியதாக இரண்டு ஜோடி, அதில் ஒன்று எப்போதும் உலர்ந்த நிலையில். இந்தப் பருவத்துக்கு இதுவே போதுமான ஏற்பாடு.