பள்ளிப் பிள்ளைகளைக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்வது எப்படி?



கோலா கிளாவாங் வட்டாரத்துப் பிள்ளைகள் கோலாலம்பூருக்குச் சுற்றுலா போகாமல் இல்லை. பேருந்து பிடித்து, விடியுமுன் புறப்பட்டு, பத்துமலை, விலங்குக் காட்சிச்சாலை, இரட்டைக் கோபுரம், கடைசியாக ஒரு பேரங்காடி என்று சுற்றிவிட்டு, நடு இரவில் தூங்கி வழியும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறோம். அந்தப் பட்டியலில் தேசியக் கலைக்கூடம் இடம்பெறுவது அரிது. சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் உடனே எழும். படம் பார்க்கவா இத்தனை தூரம் போவது என்பது ஒன்று. "வாத்தியாரே, நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் விளங்குமா?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவதுதான் மனத்தை உறுத்துகிறது. கலைக்கூடம் என்பது பட்டணத்துக்காரர்களுக்கும் படித்தவர்களுக்கும் உரியது, நமக்கு அங்கே வேலையில்லை என்று பெரியவர்களாகிய நாமே முடிவு செய்துவிடுகிறோம். பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை.

உண்மையில் நம் வீட்டுப் பிள்ளைகள் பிறந்த நாள் முதலே படங்களோடு வளர்கிறவர்கள். பூசை அறையில் மயில் மீது அமர்ந்த முருகனும், தாமரையில் நிற்கும் திருமகளும் நாட்காட்டிப் படமாகத் தொங்குகிறார்கள். அந்தப் படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கி, பின்னர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) அவர்களும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வ உருவங்கள், அச்சேறித் தமிழர் வாழும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. தெய்வத்தின் பின்னால் மலையும் அருவியும் நாடக மேடையின் திரைபோல விரிந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஓவியரின் பழைய தொழில் அங்கே தெரியும். கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களோ கேட்கவே வேண்டாம். எந்தக் கையில் எந்த ஆயுதம், எந்தத் தெய்வத்துக்கு எந்த வாகனம் என்று ஏழு வயதுப் பிள்ளை பிசகாமல் சொல்லும். அடையாளத்தை வைத்துப் பொருளை அறியும் இந்தப் பழக்கம்தான் ஓவியம் பார்ப்பதற்கு முதல் படி. அதை நம் பிள்ளைகள் எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

இனி, ஒரு முறை போய் வருவதால் என்ன பயன் என்பதைப் பார்ப்போம். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்னும் சிறிய நகரில் 2011ஆம் ஆண்டு கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிகள் போட்டி போட்டுக்கொண்டு விண்ணப்பித்தன. எல்லாரையும் ஒரே சமயத்தில் அழைக்க இயலாததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்க்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குலுக்கலையே பயன்படுத்திக்கொண்டு, முதலில் போய்வந்த பிள்ளைகளையும் இன்னும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். முடிவு 2013இல் வெளிவந்தது.

போய்வந்தது அரை நாள்தான். அதிலும் படங்களைப் பார்த்துப் பேசியது ஒரு மணி நேரம், பார்த்தவை ஏறக்குறைய ஐந்து ஓவியங்கள். ஆயினும், முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, போய்வந்த பிள்ளைகள் கூடுதலாகக் கவனித்து, காரணம் காட்டி எழுதினார்கள். நமக்கு முக்கியமான செய்தி இதற்கு அடுத்தது. சிற்றூர்ப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் இந்த முன்னேற்றம் பொதுச் சராசரியைப் போலச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. பட்டணத்துப் பிள்ளைக்கு இது பல வாய்ப்புகளில் ஒன்று. சிற்றூர்ப் பிள்ளைக்கோ இதுவே முதல் வாய்ப்பு.

அந்த ஐந்து ஓவியங்களுள் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட்மன் ஜான்சன் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வரைந்தது; மேப்பிள் மரத்தின் சாற்றை இறக்கிக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பவர்களின் முகாம். அடிமைத்தனத்தை எதிர்த்தவர்கள், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையை ஒதுக்கிவிட்டு இந்த மரச் சர்க்கரையை வாங்கினார்கள் என்ற செய்தி அந்தப் படத்தருகே பேசப்பட்டது. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது 100க்கு 88 பிள்ளைகள் அதை நினைவு வைத்திருந்தார்கள். பாடப்புத்தகத்தில் படித்த எந்தச் செய்தியை நம் மாணவர்களில் 100க்கு 88 பேர் மூன்று வாரம் கழித்துச் சொல்வார்கள்? அதிலும் மரத்தைச் சீவிப் பால் எடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் காட்டினால், வாளியையும் மரத்தையும் பார்த்ததுமே ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

நம் நாட்டுத் தேசியக் கலைக்கூடத்துக்கு வருவோம். 1958 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களால் கோலாலம்பூர் அம்பாங் சாலையில் திறந்து வைக்கப்பட்டது. நன்கொடையாகக் கிடைத்த நான்கே படைப்புகளுடன் தொடங்கிய கூடம் அது. 1984இல் பழைய மெஜெஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்கு மாறியது. 1990களின் இறுதியில், தித்திவங்சா ஏரிக்கு அருகில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோயிற்று.

அங்கே நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டிய ஓவியர்கள் பலர். எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் லத்தீஃப் மொஹிடின். 1941இல் நெகிரி செம்பிலானின் லெங்கெங்கில் பிறந்தவர். மலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர் ஊர். 1960களின் தொடக்கத்தில் பெர்லினில் ஓவியம் பயின்றபோது, அங்குள்ள இனவியல் அருங்காட்சியகத்தில் தென்கிழக்காசியப் பொருள்களைக் கண்டு மனம் பறிகொடுத்தார். கோபுரங்களும் செடிகொடிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முளைப்பதுபோன்ற அவருடைய 'பாகோ பாகோ' வரிசை அப்படிப் பிறந்ததுதான். 2018இல் பாரிஸ் நகரின் பொம்பிதூ மையத்தில் அந்த வரிசை காட்சிக்கு வைக்கப்பட்டது. லெங்கெங் பையன் ஒருவன் பாரிஸ் வரை போனான் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

மற்றொருவர் சையத் தாஜுடின். 1943இல் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரான அழகன்குளத்தில் பிறந்து, சிறு வயதில் மலாயா வந்து, 1968 முதல் 1974 வரை சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்றவர். இஸ்லாமியரான இவர் இராமாயணக் காட்சிகளைப் பெரிய பெரிய சித்திரங்களாகத் தீட்டினார். அனுமனும் சீதையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள். தெரிந்த கதையைத் தெரியாத விதத்தில் ஒருவர் எழுதியிருப்பதைக் காணும்போது, ஓவியர் என்ன செய்கிறார் என்பது தானாக விளங்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கலைக்கூடங்களில் எல்லாப் படங்களும் எப்போதும் சுவரில் இருக்கமாட்டா. கண்காட்சிக்குக் கண்காட்சி மாற்றுவார்கள். ஆகவே ஆசிரியர் ஒருவர் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. திறந்திருக்கும் நாள், கட்டணம், குழுவுக்கு வழிகாட்டி கிடைப்பாரா, பைகளை எங்கே வைப்பது, கழிப்பறை எங்கே என்பவற்றை எல்லாம் அன்றே கேட்டு முடித்துவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு ஏற்காத படம் எந்த அறையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பெற்றோர் பின்னால் குறைப்பட்டுக்கொள்ள இடமிராது. முக்கியமாக, ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஐந்து போதும். அத்தனை தூரம் போய் ஐந்தா என்பவர்களுக்கு ஒரு கணக்கு: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படத்தின் முன் சராசரியாக நிற்பது 27 வினாடிதான் என்று 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நூறு படங்களை அப்படிக் கடந்துபோவது பார்த்ததாகாது.

வகுப்பறை ஆயத்தம் ஒரு பாடவேளையில் தொடங்கட்டும். வீட்டிலிருந்து ஒரு பழைய நாட்காட்டிப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் செய்யுங்கள். பிறகு மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்த பிலிப் யெனவைன் என்பவரும், அபிகேல் ஹவுசன் என்னும் உளவியலாளரும் சேர்ந்து வகுத்த முறை இது. இரண்டாவது கேள்விதான் உயிர். 'அம்மன் கோபமாக இருக்கிறாள்' என்று பிள்ளை சொன்னால், சரி தப்பு சொல்லாமல், எதைப் பார்த்து என்று மட்டும் கேளுங்கள். கண்ணைக் காட்டுவாள், புருவத்தைக் காட்டுவாள், நீட்டிய கையைக் காட்டுவாள். ஆசிரியர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு ஆசிரியரைப் பார்ப்பார்கள்.

ஒத்திகைக்கு நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. 2008 முதல் கோலா கிளாவாங்கில் இருக்கும் மரபுவழக்க அருங்காட்சியகம், அதாவது முசியம் அடாட், ஓவியக்கூடம் அன்று. ஆயினும் வரிசையில் போவது, தொடாமல் நிற்பது, ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் நிலைப்பது ஆகியவற்றைப் பெரிய செலவில்லாமல் பழக்கலாம். ஊரிலேயே இருப்பதால் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

பயண நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் முன்கூட்டியே பெற வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணை. பெரிய பேருந்துக்குப் புக்கிட் தங்கா இறங்கிச் சிரம்பான் வழியாகப் போவதே நல்லது. கெந்திங் பெராஸ் வழி வளைவு நெளிவு மிகுந்தது. புக்கிட் தங்காவும் லேசுப்பட்டதன்று என்பது நமக்குத் தெரியும். வயிறு நிறைய நாசி லெமாக் கொடுத்து ஏற்றினால், சிரம்பான் போய்ச் சேர்வதற்குள் பேருந்தைக் கழுவ வேண்டியிருக்கும். ரொட்டியும் வெந்நீரும் போதும். பசியாறலைச் சமவெளியில் வைத்துக்கொள்ளலாம். மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம். அதைத் தித்திவங்சா ஏரிக்கரையில் நிழல் பார்த்துச் சாப்பிடலாம்.

கூடத்துக்குள் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு படத்திலிருந்து தொடங்கச் செய்யுங்கள். தரையில் உட்காரவைத்தால் பிள்ளைகள் அடங்கிப் பார்ப்பார்கள். கையில் பென்சில் மட்டும், பேனா வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, ஆசிரியர் உட்பட. பிறகு அந்த மூன்று கேள்விகள். வீட்டிலும் பள்ளியிலும் வாய் திறக்காத பிள்ளை இங்கே பேசுவதுண்டு, ஏனெனில் விடை புத்தகத்தில் இல்லை, எதிரே சுவரில் இருக்கிறது. கேள்வி நிரப்பும் தாள்களைக் கையில் கொடுக்காதிருப்பது நல்லது என்பது என் கருத்து. கொடுத்தால் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த படத்துக்கு ஓடுவார்கள். ஐந்தும் முடிந்தபின் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். தனக்குப் பிடித்த ஒரு படத்தைத் தானே தேடிக் கண்டு, அதன் முன் நின்று வரையட்டும். அதே நாளில் இரட்டைக் கோபுரத்தையும் பேரங்காடியையும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால், திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் மின்படிக்கட்டு மட்டும்தான் இருக்கும்.

செலவு என்று பார்த்தால் பேருந்து வாடகைதான் பெரிது. உணவும் வரைதாளும் பென்சிலும் சிறுதொகை. ஆர்க்கன்சாவில் பள்ளிகள் அத்தனை ஆர்வமாக வந்ததற்குக் காரணம், பேருந்துச் செலவையும் மதிய உணவையும், உடன் வரும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பவரின் சம்பளத்தையும்கூட ஒரு கொடை நிதி ஏற்றுக்கொண்டதுதான். ஓர் அன்பர் ஒரு பேருந்தை ஏற்றுக்கொண்டால் ஒரு வகுப்பு போய்வரும்.

திரும்பிய மறுநாள், பிள்ளைகள் நினைவிலிருந்து வரைந்தவற்றைப் பள்ளிச் சுவரில் ஒட்டி, அடியில் அவரவர் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதுங்கள். பெற்றோரை அழைத்து, பிள்ளைகளையே வழிகாட்டியாக நிறுத்துங்கள். பார்த்த ஐந்து படங்களின் பெயர்களையும், எந்தப் படத்தின் முன் பேச்சு ஓடியது, எதன் முன் ஓடவில்லை என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதித் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள். அடுத்த ஆண்டு போகும் ஆசிரியர் வேறொருவராக இருக்கலாம்.