கடைவாடகை குறித்து மருமகனுக்கு



வலை, கயிறு, படகு உதிரிபாகங்கள் விற்கும் கடையொன்றை அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையோரம் தொடங்க உத்தேசித்திருப்பதாகவும், வாடகை மாதம் 20,000 ரூபாயென்றும், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்களென்றும் நீ எழுதியிருந்தாய். வீராம்பட்டினத்துப் பிள்ளை ஒருவன் கரையிலுள்ளோருக்கே உபயோகமான வியாபாரத்தில் இறங்குவது எனக்குப் பரம சந்தோஷம். ஆயினும், வாடகை கட்டுப்படியாகிறது என்ற ஒன்றைக் கொண்டே சம்மதம் சொல்லிவிடாதே.

முன்பணம் 2,00,000 ரூபாய் உரிமையாளரிடம் வட்டியின்றிக் கிடக்கும். அதை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு நீ கடன் வாங்கிக் கொடுப்பாயானால், மாதந்தோறும் வட்டி 4,000 ரூபாயும் சேர்ந்து, உன் மெய்யான வாடகை 24,000 ரூபாயாகிவிடுகிறது. உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராயின் வாடகைமேல் 18 சதவீத வரியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைப் பழுதுபார்ப்போர் சாமான்களைக் கடனுக்கே கேட்பார்கள்; சரக்கு போகும், ரொக்கம் வராது, வாடகை மட்டும் தவணை தவறாது நிற்கும். அவ்விரண்டு மாதத்துக்கான வாடகைத் தொகையை மூலதனத்திலேயே ஒதுக்கிவை.

பதினோரு மாதத்துக்கு மட்டும் பத்திரம் எழுதுவது வழக்கமாயிருப்பதற்குக் காரணம், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதே. அந்தப் பதிவுச் செலவை மிச்சம்பிடிக்கப் போய், அலமாரி அடித்து, வாடிக்கையாளர் பழகிவரும் தருணத்தில், வாடகையை உயர்த்து அல்லது காலிசெய் என்று உரிமையாளர் கேட்க நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் எனப்பட்ட பத்திர அதிகாரியின் முன்னிலையில் ஷரத்துகளை வாசிக்கக் கேட்டுக் கையொப்பமிட்ட நம் பெரியவர்களின் சிரத்தை உனக்கும் வேண்டும். மூன்று ஆண்டுக்கு எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள். வாடகை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும், இடையில் காலிசெய்ய நேர்ந்தால் எத்தனை மாத நோட்டீசு, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்பவற்றையெல்லாம் அதில் சேர்க்கச் சொல்.

யாவற்றினும் முக்கியம், முன்பணம் திரும்பி வரும் வழி. சாவியை ஒப்படைக்கும் அன்றே முழுத்தொகையும் திரும்ப வேண்டும் என்றும், எவ்வெவற்றுக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றும் தெளிவாக எழுதவேண்டும். உப்புக்காற்றில் ஷட்டர் துருப்பிடிக்கும். அந்தப் பழுது யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் அது உன் முன்பணத்தில்தான் கழியும். குடிபுகும் நாளில் சுவர், தரை, ஷட்டர் ஆகியவற்றைப் படமெடுத்து, பிரதியில் இருவரும் கையொப்பமிடுங்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கொடாமல் வங்கி வழியே செலுத்து.

இவற்றைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நேர்மையான உரிமையாளருக்கும் தெளிவான பத்திரமே பாதுகாப்பு. அவர் மனஸ்தாபம் கொள்வாராயின், வேறு இடம் பார்ப்பதே உசிதம்.

செங்கழுநீர் அம்மன் துணை.

இப்படிக்கு,
மாமா