பற்றரியைக் குறை கூறுமுன்

காலையில் கார் இயங்க மறுத்தால், கடன்பட்டுப் புதிய பற்றரி வாங்க நினைக்கிறோம். பல வேளைகளில் குற்றம் பற்றரியில் அல்ல, அதற்கு மின்னேற்றும் பகுதியிலேயே உள்ளது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட, நம் ஊர்களிலும் ஓடிய மோறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம்.

1. திறப்பைப் போட்டதும் எரியும் சிவப்பு விளக்கு, எஞ்சின் வேகம் கூடும்போது அணையவேண்டும். அணையாவிட்டால் மின்னேற்றம் நடைபெறவில்லை.

2. எஞ்சினை நிறுத்தி, விசிறிப் பெல்ற்றை விரலால் அழுத்திப் பார்ப்போம். அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்குவோம்.

3. டைனமோவின் இரு வயர்களையும் அடையாளமிட்டுக் கழற்றுவோம். டைனமோவின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்து, அவற்றுக்கும் காரின் உடலுக்கும் இடையே வோல்ற்றுமானியைப் பூட்டுவோம். மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். எனவே மானியின் நேர்முனையையும் உடலிலே பூட்டவேண்டும். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்ட, அளவு சீராக ஏறவேண்டும். 20 வோல்ற்றுக்கு மேல் போகவிடக் கூடாது.

சீராக ஏறினால் டைனமோ நல்லது. கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வயர்களையும் சோதிப்போம். ஏறாவிட்டால் முதலில் டைனமோவின் காபன் பிறஷ்கள் தேய்ந்துள்ளனவா எனப் பார்ப்போம்.

இக்குற்றத்தைத் திருத்தாமல் புதிய பற்றரி பூட்டினால் அதுவும் சில நாட்களில் இறங்கிவிடும். கடன் மட்டுமே மிஞ்சும்.